ஒல்லி ஒயரும் இரண்டு விசிலும்

மீனாட்சி துணை

ஆரப்பாளையம், மதுரை.
1986, தீபாவளி கழிந்த வாரம்.

பேரையூரில் ஒயர்மேன் தொழில் பார்த்துவரும் என் அருமை மாப்ள காசிமாயனுக்கு, உன் அக்காள் செல்லத்தாயின் புருஷன், ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் கருத்தக்கண்ணன் எழுதிக்கொண்டது. இங்கே நான் சுகம். அங்கே நீயும், தங்கச்சி சோலையம்மாளும், பிள்ளைகளும், போன வருஷம் வாங்கிய எருமையும் சுகமாக இருப்பீர்கள் என்று நானாகவே நினைத்துக்கொள்கிறேன். நானாக நினைத்துக்கொள்வதற்குக் காரணம், சித்திரையில் உன் அக்காளுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடித்துப் போனவன் இன்று வரை ஒரு கார்டுகூடப் போடவில்லை. போகட்டும். பேரையூரில் தபால்பெட்டியை யாராவது பிடுங்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

இந்தக் கடிதத்தை முதலில் இன்லாண்டு லெட்டரில்தான் ஆரம்பித்தேன். எருமையை விசாரித்து முடிப்பதற்குள் மடிக்கிற இடம் வந்துவிட்டது. ஆகவே எங்கள் ஐந்து வீட்டு வளவில் குடியிருக்கும் பிச்சுமணி வாத்தியாரிடம் முழுத்தாள் வாங்கி எழுதுகிறேன். விஷயம் சின்ன விஷயம்தான். தடித்த மெயின் ஒயர் ஒரு சுருள் வாங்கி, அங்கிருந்து மதுரைக்கு வருகிற பஸ்ஸில் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பவும். கண்டக்டர் என்னிடம் தொழில் படித்த பையன், என் பெயரைச் சொன்னால் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் பத்திரமாக வைத்துக் கொண்டுவந்து தருவான். நீ வரவேண்டியதில்லை. உனக்கு ஆயிரம் வேலை இருக்கும். ஒயரை மாட்டுவதற்கு இங்கே ஆளுக்குப் பஞ்சமில்லை. நீ வரவேண்டியதில்லை என்பதை மறுபடியும் எழுதுகிறேன், மறந்துவிடப் போகிறாய்.

இப்போது நீ இந்த வளவுக்குச் செய்துவிட்டுப் போன வேலையின் லட்சணத்தைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. பங்குனியில் இங்கே வந்து தங்கி, உன் அக்காள் கையால் கருவாட்டுக் குழம்பு ஊற்றித் தின்றுகொண்டு, ஐந்து வீட்டிலும் உள்ளே இருந்த பழைய ஒயரையெல்லாம் உருவிப்போட்டுப் புது ஒயர் இழுத்தாய். வீட்டுக்கு நாலு சுவிட்சு, வெள்ளை வெளேரென்று பிளக்கு, எங்கள் வீட்டில் உன் சொந்தச் செலவில் ஒரு சீலிங் ஃபேன். வளவுக்காரி ரெங்கம்மாள், யாரையும் மெச்சாத பொம்பளை, அவளே வீடு வீடாக வந்து சுவிட்சைத் தட்டிப் பார்த்து, "சினிமாக் கொட்டகை மாதிரில்ல இருக்கு" என்றாள். எல்லாம் சரி. ஆனால் ரெங்கம்மாள் வீட்டு வாசலில் இருக்கிற மீட்டரிலிருந்து எங்கள் எல்லாருக்கும் கரண்டு கொண்டுவருகிற மெயின் ஒயர் இருக்கிறதே, அது அவள் மாமனார் காலத்தில் வீட்டுக்கு ஒரு குண்டு பல்பு என்று இருந்தபோது இழுத்த ஒயர். சேமியாவைவிடக் கொஞ்சம் தடிமன். மீட்டரில் புறப்பட்டு, முற்றத்தில் துணி காயப்போடுகிற கொடியோடு கொடியாக வந்து, குளியலறைத் தகரக் கூரையின் விளிம்பில் ஏறி இறங்கி, சுவரில் ஆணியால் தோண்டிய ஓட்டை வழியாக நுழைகிறது. மேலே ஒரு குழாய் கிடையாது, மூடாக்கு கிடையாது. நீ அதை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மச்சான், உள்ளுக்குள்ள எம்புட்டுப் போட்டாலும் இது தாங்காது. தடிச்ச ஒயரு கடையில இப்பச் சரக்கு இல்ல. வரவும் வந்து மாட்டிப்புடுறேன்" என்றாய். அதற்குள் நடக்கக்கூடாதது நடந்துவிட்டது. அதைப் பற்றி நான் இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை.

குருவி தலையில் பனங்காய் என்பார்கள். இங்கே குருவி அப்படியே இருக்க, பனங்காய் மட்டும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தது. அன்னக்கொடியை உனக்குத் தெரியும், இடது கைப்பக்கத்து வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். அவளுடைய கிரைண்டர் முன்பே இருந்தது. வலது கைப்பக்கத்தில் பிச்சுமணி வாத்தியார் சாயங்காலம் டியூஷன் எடுப்பதற்காக டியூப்லைட் மாட்டினார். இதுவரைக்கும் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஆவணியில் என் எதிர்வீட்டு நல்லகாமனுக்குக் கல்யாணம் ஆயிற்று. பெண்ணோடு ஒரு மிக்சியும், ஒரு இஸ்திரிப் பெட்டியும், வாளியில் போட்டுத் தண்ணீர் காயவைக்கிற கம்பி ஹீட்டரும் சீராக வந்து இறங்கின. மாமனார் தாராளமான ஆள்தான். கொஞ்சம் கரண்டையும் சேர்த்துச் சீராகக் கொடுத்திருக்கலாம்.

மறுநாள் காலையில் புதுமாப்பிள்ளை ஹீட்டரைப் போட்டான். என் வீட்டு பல்பு பீடி நுனி மாதிரி சிவந்துபோயிற்று. அன்னக்கொடியின் கிரைண்டர் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது. அவள் அரைத்தும் அரையாத மாவுக் கையோடு முற்றத்துக்கு வந்து, "எவன் அவன், ஓடுற கல்லப் பிடிச்சு நிறுத்துனது?" என்றாள். சாயங்காலம் அவன் இஸ்திரிப் பெட்டியைப் போட, வாத்தியாரின் டியூப்லைட் எரியவும் மாட்டாமல் அணையவும் மாட்டாமல் மினுக்மினுக்கென்று கிடந்தது. வாத்தியார் என்னிடம் வந்து, "கண்டக்டர் சார், லைட் என்னைப் பார்த்துக் கண்ணடிக்கறது. பசங்க சிரிக்கறான்கள், நான் எப்படிக் கணக்குச் சொல்லித் தர்றது?" என்றார். நல்லகாமனோ, "எங்க வீட்டுச் சாமானு, எங்க வீட்டு பிளக்கு, நான் போடுறேன், உங்களுக்கு என்னண்ணே?" என்றான். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும் என்று யாருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் இது முற்றி, ஐந்து வீட்டு ஆட்களும் முற்றத்தில் நின்று ஒரே நேரத்தில் கத்தினார்கள். சமயநல்லூர் லைனில் சந்தைக் கூட்டத்தை ஏற்றி இறக்கின எனக்கு அதைக் கேட்டுக்கொண்டு உள்ளே உட்கார முடியவில்லை. ஆணியில் தொங்கின விசிலை எடுத்து வந்து ஒரு ஊது ஊதினேன். வளவு கப்பென்று அடங்கிவிட்டது.

அன்றைக்கு ஆரம்பித்தது. ஒரு விசில் என்றால் எல்லாரும் அவரவர் பெரிய சாமானை அணைத்துவிட வேண்டும். யாருக்கு வேண்டுமோ அவர்கள் வாசலுக்கு வந்து என்னிடம் கேட்க வேண்டும். இரண்டு விசில் என்றால் ரைட், கேட்டவர் மட்டும் போட்டுக்கொள்ளலாம். காலையில் நல்லகாமன், "அண்ணே, ஹீட்டரப் போடவா?" என்பான். "இருப்பா, அன்னக்கொடி இறங்கட்டும்" என்பேன். அன்னக்கொடி, "இன்னும் ஒரு ஈடு உளுந்து கெடக்குண்ணே, அவனப் பச்சத் தண்ணியில குளிக்கச் சொல்லுங்க" என்பாள். சாயங்காலம் வாத்தியாரின் டியூப்லைட் பற்றிக்கொள்கிற வரைக்கும் வளவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அது பளிச்சென்று பற்றிக்கொண்டதும் டியூஷன் பிள்ளைகள் கைதட்டுவார்கள், நான் இரண்டு விசில் கொடுப்பேன், மிக்சி கிளம்பும்.

இதனால் எனக்கு உண்டான தொல்லைகளைக் கேள். ஓய்வுபெற்ற மனிதன் ஒரு டீக்கடைக்குப் போய் ஆற அமர பேப்பர் பார்க்க வழியில்லை. குளித்துக்கொண்டிருந்தால் வெளியே நின்று, "கண்டக்டரே, ஒரு சட்டினிக்கு மட்டும் ரைட்டுக் குடுத்துட்டுக் குளிங்க" என்கிறார்கள். விடிந்தால் போதும், கண்டக்டரே, கண்டக்டரே என்று ஒரே கூப்பாடு. உன் அக்காள் போன பிறகு வைகாசியிலும் ஆனியிலும் ஆடியிலும் பேச ஆளில்லாமல் பால்காரியிடம் "போதும்" என்று சொன்னதோடு மூடிக் கிடந்த வாய், இப்போது சாயங்காலமானால் தொண்டை கட்டிக்கொள்கிறது. சில நாள் மத்தியானத்தில் யாரும் எதுவும் போடாமல் வளவு வெறிச்சென்று கிடக்கும். அப்போது நானே போய் ஒரு விசில் கொடுப்பேன். நாலு வாசலிலும் தலை எட்டிப் பார்க்கும். "என்னண்ணே?" என்பார்கள். "ஒண்ணுமில்ல, செக்கிங்" என்பேன். அதுவும் ஒரு வேலைதானே, யார் பார்ப்பது.

இனிமேல்தான் விபரீதம். விசிலுக்குக் கட்டுப்படாமல் திருட்டுத்தனமாக இஸ்திரி போடுகிறவர்கள் எந்த வளவிலும் உண்டு. பஸ்ஸில் டிக்கெட் எடுக்காமல் இறங்குகிறவன் இருக்கிற மாதிரிதான். அப்போதெல்லாம் மீட்டர் பெட்டியில் ஃபியூஸ் போய்விடும். நான் போய் ஒரு இழை கம்பி சுற்றிவிட்டு வருவேன். மறுபடி போகும். ரெங்கம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "தெனமும் இதென்னய்யா மாரடிப்பு" என்று சொல்லி, தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவி, வளைத்து ஃபியூஸ் கட்டையில் சொருகிவிட்டாள். "இனி எப்பிடிப் போகுதுன்னு பாக்குறேன்" என்றாள். போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் போகவில்லை. வளவே அவளுடைய மூளையைக் கொண்டாடியது. நானும்தான் கொண்டாடினேன், மாப்ள, வேறு யாரையோ சொல்வானேன். வண்டியின் பிரேக்கைக் கழற்றிப் போட்டுவிட்டு, வண்டி இப்போது எங்கேயும் நிற்காமல் ஓடுகிறது என்று சந்தோஷப்பட்ட கதை எங்கள் கதை. மெயின் ஒயர் சூடாக ஆரம்பித்தது. அந்தப் பக்கம் போட்ட துணி மட்டும் சீக்கிரம் காய்கிறது என்று அன்னக்கொடி கண்டுபிடித்து, வளவில் இடம் பிடிக்கப் போட்டியாகிவிட்டது.

பிச்சுமணி வாத்தியாருக்கு வாதம் வந்த கதையையும் எழுதிவிடுகிறேன். ஒருநாள் கையைத் தேய்த்துக்கொண்டு வந்தார். வலது கையில் விறுவிறுவென்று ஏறுகிறதாம், வைத்தியர் தைலம் கொடுத்திருக்கிறாராம். "எப்ப ஏறுது வாத்தியாரே?" என்றேன். "குளிக்கப் போறச்சே" என்றார். "மத்த நேரம்?" என்றேன். "மத்த நேரம் ஒண்ணுமில்லை. குளியலறைக் கதவைத் தொட்டா ஆரம்பிக்கறது. வைத்தியர் குளிர்ச்சிதான் காரணம்னு சொல்லிட்டார். அதனால குளிக்கறதைக் குறைச்சுண்டிருக்கேன்" என்றார். எனக்குப் பொறி தட்டியது. போய்ப் புறங்கையால் அந்தத் தகரக் கதவைத் தொட்டேன். வாதம் எனக்கும் வந்தது. கூரை விளிம்பில் ஒயர் உரசி உரசி ரப்பர் தேய்ந்து, கூரை, கதவு எல்லாவற்றிலும் கரண்டு ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நல்லகாமனின் பெண்டாட்டி தினம் ஈரக் கையோடு அந்தக் கதவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தவள். ரெங்கம்மாளிடம் சொன்னேன். "ஒங்க மச்சினன்தான் வாரேன்னாரே, வரட்டும்" என்றாள். சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றைக் கிழித்து ஒயருக்கும் தகரத்துக்கும் நடுவில் வைத்துக் கட்டினேன். அன்றைக்கே உனக்கு எழுதியிருக்க வேண்டும். நீயாக வருவாய் என்று இருந்துவிட்டேன்.

தீபாவளிக்கு முந்தின நாள் எனக்குக் காய்ச்சல். காலையிலிருந்தே எழுந்திருக்க முடியவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டு கட்டிலில் கிடந்தேன். விசில் ஆணியில் தொங்கியது. வளவில் பண்டிகை வேலை. ஒரு விசில் கேட்கவில்லை, ஆகவே நிறுத்தவேண்டியதில்லை என்று அன்னக்கொடி கிரைண்டரைப் போட்டிருக்கிறாள். தடுக்க ஆளில்லை, ஆகவே ரைட்டுதான் என்று நல்லகாமன் ஹீட்டரைப் போட்டிருக்கிறான். அவன் பெண்டாட்டி மிக்சி. வாத்தியார் வீட்டில் மாலைக்கு முன்பே டியூப்லைட். ரெங்கம்மாள் தன் பங்குக்கு இஸ்திரிப் பெட்டியை இரவல் வாங்கி, புதுச்சேலையைத் தேய்த்துக் கொடியில் போட்டுவிட்டு, அடுத்ததைத் தேய்த்திருக்கிறாள். பண்டிகை நாள் பஸ் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அப்படி ஏறிவிட்டார்கள். நான் படுத்த வாக்கில் பார்க்கிறேன், பல்பு சிவந்து, பிறகு கறுத்து, ரப்பர் கருகுகிற வாடை வந்தது. டப்பென்று ஒரு சத்தம். தகர விளிம்பில் ஒயர் அறுந்து தீப்பொறியோடு கொடித் துணிமேல் விழுந்துவிட்டது. நல்லகாமனின் பெண்டாட்டி அதற்குச் சற்று முன்தான் அந்த இடத்தில் நின்று துணி எடுத்திருக்கிறாள்.

போர்வையோடு வாசலுக்கு ஓடிவந்தால், வாத்தியாரின் புது வேட்டி பற்றி எரிகிறது, அன்னக்கொடி ஒரு குடம் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். கை பழக்கத்தில் விசிலை எடுத்து வந்திருந்தது. ஒரே ஊதல், நீளமாக. அன்னக்கொடி குடத்தோடு அப்படியே நின்றாள். "தண்ணி ஊத்தாத. மெயின அணை, மெயின அணை" என்றேன். ரெங்கம்மாள் துடைப்பக் கட்டையால் மீட்டர் பெட்டியின் பிடியைத் தட்டி இறக்கினாள். அப்புறம் ஊற்றினார்கள். ஒரு வேட்டி, ரெங்கம்மாளின் சேலை, என் பனியன் இரண்டு, எரிந்தது இவ்வளவுதான். ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை, அந்த மீனாட்சி காப்பாற்றினாள்.

பயம் தெளிந்ததும் எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். "ஏண்ணே விசிலடிக்கல? நீங்க அடிச்சிருந்தா இம்புட்டும் நடந்திருக்குமா?" என்றான் நல்லகாமன். நான் படியில் உட்கார்ந்தேன். அன்னக்கொடிதான் கிட்ட வந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். "ஆத்தாடி, கொதிக்குதே. காலையிலருந்து இப்பிடியேவா கெடந்தீக? ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?" என்றாள். அவர்களைக் குறை சொல்லவில்லை, மாப்ள, பண்டிகை வேலை யாருக்கும் இருப்பதுதான். ஆனால் காலையிலிருந்து விசில் இல்லை என்பது வளவுக்கே தெரிந்திருக்கிறது, நான் இல்லை என்பது யாருக்கும் தெரியவில்லை. அதை நினைத்துக்கொண்டே அவள் கொடுத்த கஞ்சியைக் குடித்தேன்.

அன்று வளவில் கரண்டு இல்லை. அகல் விளக்கை ஏற்றி வைத்துக்கொண்டு ஐந்து வீட்டாரும் முற்றத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள், எனக்குக் கட்டிலையே வெளியே தூக்கிப் போட்டார்கள். மறுநாள் துக்க வீடு என்று என் அடுப்பில் சட்டி ஏறாது என்பதால் ஆளுக்கு ஒரு தட்டு கொண்டுவந்து வைத்தார்கள். செத்த வீட்டுக்கு முதல் தீபாவளியன்று சொந்தக்காரர்கள் வந்து உட்கார்ந்து எழுந்துபோவது நம் பக்கத்து முறை என்பது உனக்குத் தெரியாததில்லை. பேரையூர் பஸ் வருகிற நேரமெல்லாம் வாசலைப் பார்த்தேன் என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆகவே எழுதவில்லை. அன்னக்கொடிதான் கேட்டாள், "ஒங்க மச்சினன் வரலையாண்ணே?" என்று. "அவனுக்கு ஆயிரம் வேலை" என்றேன்.

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றி வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒரு பல்பு, எங்கள் வீட்டில் அதோடு நீ மாட்டின ஃபேன், அவ்வளவுதான். வளவே உன் ஒயரை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

எழுதப் போவதில்லை என்று சொன்ன விஷயத்தையும் எழுதிவிடுகிறேன். பதினாறாம் நாள் நீ சாப்பிடாமல் மீட்டர் பெட்டிக்குக் கீழே உட்கார்ந்து அந்த ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தாய். புறப்படும்போது சோலையம்மாள் என்னிடம் தனியாக, "மெயினு ஒயர மாத்திருந்தா ஃபேனு நல்லாச் சுத்திருக்கும், அக்கா மூச்சுத் திணறிருக்காதுன்னு சொல்லிச் சொல்லி மருகுறாருண்ணே" என்றது. நீ எதனால் இந்தப் பக்கம் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆகவே அன்றைக்கு நடந்ததைக் கேட்டுக்கொள். மத்தியானம் நல்ல வெயில். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. ஃபேன் இறக்கையை எண்ணிவிடலாம் போல மெல்லச் சுற்றியது, அது உண்மைதான். நான் ஓடிப்போய் அன்னக்கொடியிடம் கிரைண்டரை நிறுத்தச் சொன்னேன். அவள் அந்த நிமிஷமே நிறுத்தினாள். திரும்பி வந்து பார்க்கிறேன், ஃபேன் ஜம்மென்று ஓடுகிறது, உன் அக்காள் தலைமயிர் காற்றில் பறக்கிறது. அண்ணாந்து அதைப் பார்த்துக்கொண்டு, "எந்தம்பி மாட்டுன ஃபேனு, எம்புட்டு வேகமாச் சுத்துது பாருங்க" என்றாள். அப்புறம் தண்ணீர் கேட்டாள், குடித்தாள். சாயங்காலத்துக்குள் முடிந்துவிட்டது. நெஞ்சு முன்பே பலவீனப்பட்டிருந்தது என்று டாக்டர் சொன்னார். எமன் மீட்டர் பார்த்துவிட்டு வருகிற ஆள் இல்லை, மாப்ள. அவள் காற்றில்லாமல் போகவில்லை. உன் காற்றில்தான் போனாள்.

ஓடினேன் பார், அந்த ஓட்டத்தில்தான் எனக்கு விசில் ஞாபகம் வந்தது. வாசலில் நின்று ஊதியிருந்தால் அவளை விட்டுவிட்டுப் போயிருக்க வேண்டாமே என்று தோன்றிக்கொண்டே இருந்தது. அதனால்தான் ஆவணியில் கை தானாக ஆணிக்குப் போயிற்று என்று நினைக்கிறேன்.

போதும். தாளும் தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒயரை மறக்காமல் பஸ்ஸில் போட்டுவிடவும். சோலையம்மாளுக்கு என் பிரியத்தைச் சொல்லவும். பிள்ளைகளின் தலையில் என் சார்பாகக் கை வைத்து நீயே வாழ்த்திவிடவும், பெரியவன் கையை விலக்குவான், விடாதே. எருமை நன்றாகக் கறக்கட்டும். கருப்பசாமி உங்கள் எல்லாருக்கும் துணை இருக்கட்டும். நீ வரவேண்டியதில்லை.

இப்படிக்கு, உன் நலம் நாடும் மச்சான்,
கருத்தக்கண்ணன்.

பின்குறிப்பு: ஸ்டாம்பு வாங்கப் போகச் சோம்பல்பட்டு இந்தக் கடிதத்தை ஜன்னலிலேயே வைத்திருந்தேன். அதற்குள் ரெங்கம்மாள் தன் புதுச்சேலை எரிந்த ஆத்திரத்தில் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்திலிருந்து ஒரு ஒயர்மேனைக் கூட்டிவந்துவிட்டாள். கட்டைவிரல் தடிமனுக்கு ஒயர், அதைக் குழாய்க்குள் விட்டு, சுவரில் அடித்து, வீட்டுக்கு வீடு தனி ஃபியூஸ் வைத்து, ஒரே பகலில் வேலையை முடித்துவிட்டார். பழைய ஃபியூஸில் இருந்த கொண்டை ஊசியை எடுத்து ரெங்கம்மாளிடம் கொடுத்தார், அவள் அதை நிமிர்த்திக் கொண்டையிலேயே சொருகிக்கொண்டாள். சோதனை பார்க்க எல்லாரும் எல்லாவற்றையும் ஒன்றாகப் போட வேண்டும் என்றார். வளவு முழுக்க என்னைப் பார்த்தது. நல்லகாமன், "அண்ணே, நீங்க ரைட்டுக் குடுங்க" என்றான். இரண்டு விசில் கொடுத்தேன். கிரைண்டர், மிக்சி, ஹீட்டர், இஸ்திரி எல்லாம் ஒன்றாக ஓடின. பல்பு ஒரு துளி அசையவில்லை. எனக்கும் நிம்மதிதான், இனி அந்தப் பெண் பயமில்லாமல் கதவைத் தொடலாம், வாத்தியாரும் குளிக்க ஆரம்பித்துவிட்டார். அப்புறம் எல்லாரும் அவரவர் வீட்டுக்குள் போனார்கள்.

மறுநாள் காலையில் யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டிய அவசியம் இல்லையே. மத்தியானம் வாசலுக்குப் போய் ஒரு விசில் கொடுத்தேன், செக்கிங். கிரைண்டர் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

நீ மாட்டின ஃபேன் இப்போது முழு வேகத்தில் சுற்றுகிறது. இதை எழுதும்போது தாள் பறக்கிறது, மேலே விசிலைப் பாரமாக வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன். ஆகவே ஒயர் அனுப்பவேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள், ஃபேனைப் பற்றி எழுதியதைத் தவிர. இங்கே உனக்கு ஒரு வேலையும் இல்லை, மாப்ள. நான் மட்டும் இருக்கிறேன். வா.